ஒன்றுக்குப் பதினாறு

ஐந்து ரோடு லேபில்
என் பெயரைக் கூப்பிட்ட பெண்
காகிதத்தை உடனே நீட்டவில்லை.
ஓரத்தை இருமுறை மடித்தாள்.
"டாக்டர்கிட்ட காட்டிருங்கக்கா."
எல்லோருக்கும் இதைத்தான் சொல்வாள்.
எனக்கு மட்டும்
அந்த "அக்கா" கொஞ்சம் நீண்டிருந்தது.

ஓ நெகட்டிவ். அது தெரிந்ததுதான்,
கல்லூரியில் ரத்தம் கொடுத்து
பிஸ்கட் பாக்கெட் வாங்கிய நாளிலிருந்து.
அதற்குக் கீழே, தடித்த எழுத்தில்,
ஆன்டிபாடி: பாசிட்டிவ்.
ஒன்றுக்குப் பதினாறு.

பாசிட்டிவ் என்றால் நல்லது என்று
யார் நம் தலையில் ஏற்றினார்கள்?

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
கொலுசு எடை போடுகிறவள் நான்.
பதினாறில் ஒரு பங்கு எவ்வளவு என்று
என் விரலுக்குத் தெரியும்.
மேஜையில் அது வெறும் தூசி.
துடைத்துச் சேர்த்து
மாதக் கடைசியில் உருக்குவோம்.

டாக்டர் வஹிதா விளக்கினார்:
"உங்க ரத்தத்துல தெளிஞ்ச தண்ணிய எடுத்து
உப்புத்தண்ணி விட்டுப் பாதியாக்குவோம்.
அதுல பாதி. மறுபடி பாதி.
எத்தனாவது பாதி வரைக்கும்
திரிஞ்ச பால் மாதிரி கட்டுதுன்னு பாப்போம்."
என்னுடையது நான்காவது பாதியிலும்
கோபத்தை விடவில்லை.

"குழந்தையோட ரத்தத்த
வேத்தாள்னு நெனைக்குது உங்க உடம்பு.
எங்கயோ ஒருதடவ பாத்திருக்கு.
முன்னாடி ஏதாவது...?"

பக்கத்தில் மாதேஷ், பி பாசிட்டிவ்,
குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

முன்னாடி.
போன வருஷம் ஆடி,
கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிய மறுநாள்.
பத்து வாரம்.
குளியலறைத் தரை. இரண்டு நாள் லீவு.
மாமியார் அதிகம் பேசவில்லை:
"தள்ளிப்போனது வந்துருச்சு, அவ்வளவுதான்.
யார்கிட்டயும் சொல்லிக்க வேணாம்.
எழுதிட்டா அதுவே கணக்காயிரும்."
ஊசி ஒன்று உண்டாம்,
மூன்று நாளுக்குள் போட வேண்டியது.
அவருக்குத் தெரியாது.
எனக்கும்.

மறந்தோம். நன்றாகவே மறந்தோம்.
ஏற்காடு பஸ்ஸில்
இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி
பனியில் நின்று மிளகாய் பஜ்ஜி தின்று மறந்தோம்.
ரத்தம் மட்டும்
அந்தப் பத்து வாரத்தின் முகத்தை
எங்கோ குறித்து வைத்துக்கொண்டது.
வாசலில் ஆள் போட்டது,
அடுத்து வரப்போவது யாரென்று கேட்காமல்.

எப்படி அதைத் திட்டுவேன்?
ஒரு வருஷமாய்
அதை நினைத்து விழித்திருந்தது
இந்த வீட்டில் அது ஒன்றுதான்.

சொன்னேன்.
மாதேஷின் கை வாரிலேயே நின்றது.
நர்ஸ் அட்டையில் ஒன்றை அடித்து
இரண்டு என்று எழுதினாள்.
நீலப் பேனா, சரியாக எழுதவில்லை,
இன்னொருமுறை அழுத்தினாள்.

ஸ்கேன் அறையில் குளிர்.
குழந்தையின் மூளைக்குப் போகும் ரத்தத்தின்
வேகத்தை அளக்கிறார்கள்.
ரத்தம் குறைந்தால் ஓட்டம் கூடுமாம்,
கடனாளி மாதிரி.
"இன்னிக்கு சரியா இருக்கு."
இன்னிக்கு என்பதை மட்டும்
டாக்டர் தனியாக இறக்கி வைத்தார்.
கூடினால் கோயம்புத்தூர்.
வயிற்றுக்குள்ளேயே, கொடி வழியாக,
வேறு யாரோ கொடுத்த ரத்தம்.
கூடாவிட்டால், இரண்டு வாரம் கழித்து
மறுபடி பாதி, பாதி, பாதி.

வெளியே வெயில்.
மாதேஷ் வண்டியை எடுக்கவில்லை.
"அது பொண்ணா பையனான்னு
தெரியாதுல்ல?"
எதைக் கேட்கிறான் என்று நான் கேட்கவில்லை.
"தெரியாது."

தட்டுவடை செட் கடையில்
இரண்டு விரல் காட்டினான்.
பிறகு, சும்மா, மூன்றாக்கினான்.
நாங்கள் தின்று முடித்தும்
மூன்றாவது அப்படியே இருந்தது.
பீட்ரூட் துருவலின் சிவப்பு
காகிதத்தில் ஊறி
மெதுவாக
ஓரத்துக்கு வந்துகொண்டிருந்தது.